நான்காயிரம் ஹெர்ட்ஸில் ஒரு தாழ்வு

முதலில் கதவைத் தட்டியவர் வீட்டுக்காரர் லோகநாதன்.
"இன்னா சார், உள்ள யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா?"
இல்லை என்றேன். பாட்டு என்றேன்.
"இதுவா?" என்றார்.
சத்துவாச்சாரியில் மார்ச் மாதத்து மூன்று மணி.
எதிர்மலைப் பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்துகிடக்க,
என் மகள் ஜெருஷாவின் அறையில்
ஒருவன் தன் தொண்டையால்
கிரானைட் அறுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது பள்ளிக்கூடம்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மண்டையோடு.
நன்றாகத்தான் வரைந்திருந்தாள்,
பல்லின் எண்ணிக்கைகூடச் சரி.
"பதினைந்து வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் ஏத்ததா?"
என்றார் ஹேமாவதி டீச்சர்.
அவர் தலைக்குப் பின்னால் ஒரு பலகை:
நீட் தேர்வுக்கு இன்னும் எழுநூற்று எழுபத்திரண்டு நாள்.
அது ஏற்றதா என்று நான் கேட்கவில்லை.
ஃபீஸ் பாக்கி இருந்தது.

என் பிழைப்பு காது.
ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
டெசிபல் திருப்புகிறவன்.
ராணிப்பேட்டை தோல்ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர்கள்,
குவாரிக்காரர்கள், பஸ் டிரைவர்கள்,
எல்லார் வரைபடத்திலும் நான்காயிரம் ஹெர்ட்ஸில்
ஒரு குழி விழுந்திருக்கும்,
மணல் அள்ளிப்போன பாலாறு மாதிரி.

ஒரு சனிக்கிழமை, டியூட்டி முடிந்து,
அவளை அந்தப் பெட்டியறைக்குள் உட்காரவைத்தேன்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து.
வலது காது. இடது காது.
எல்லாம் ஒழுங்கு. நான்காயிரத்தில் மட்டும்
மாவில் விரல் பட்டதுபோல் ஒரு சின்னத் தாழ்வு.
குழி என்று சொல்ல முடியாது.
அப்புறம், நான் எதையுமே அனுப்பாதபோது
அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.
"என்ன கேட்டுச்சு?"
"மைக்கை ஆஃப் பண்ணலப்பா.
ரொம்ப நேரமா பெருமூச்சு விடுறீங்க."

அன்றிரவு வரிகளை எழுதித் தரச் சொன்னேன்.
அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்:
எலும்பு, சாம்பல், ரத்தம், சங்கிலி, திரும்பவும் எலும்பு.
ஞாயிறு ஆராதனையில்
ரத்தத்தைப் பற்றி நான் பாடாத வாரமுண்டா?
அது வேறு, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
வேறுதான்.
எவ்வளவு வேறு என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

ஒரு பாட்டில் நின்றுவிட்டேன்.
ஒருவன் ஒரு பெண்ணைக் கத்தியால் செய்வதை
ரசித்து ரசித்துச் சொல்கிறான்.
தாளை அவள் முன்னால் வைத்தேன். என் விரல் நடுங்கியது.
"அதை நான் தாண்டிடுவேன்" என்றாள்,
பஸ் ஸ்டாண்டில் வாந்தியைத் தாண்டுகிறவள் போல.
"மத்ததுல வெறும் கோவம்தான்.
என்னைவிட அவங்களுக்கு ஜாஸ்தி.
கேட்டா எனக்குக் கொஞ்சம் ஆறிடுது."
எதன்மேல் கோவம் என்று கேட்டேன்.
காட்பாடியில் ஒரு கூட்ஸ் வண்டி கடந்துபோகிற நேரம்
பேசாமல் இருந்தாள்.
"எல்லாத்து மேலயும் இல்ல" என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.
ஆனாலும் ஒன்றை முழுசாய்க் கேட்டேன்,
ஊசிக்குக் கையை நீட்டியவன் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஆறாவது நிமிடம் கூச்சல் எல்லாம் நின்று
ஒரே ஒரு கிதார் தந்தி,
ஊரெல்லாம் ஓடிவிட்டு வாசலில் விழுந்த நாயாய் மூச்சிரைத்தது.
முன்னாலிருந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தவனுக்குத்தான்
அந்த இடம்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் குமிழில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டோம்.
எண்பது டெசிபல்; அளந்துதான்.
மறுநாள் என் கருவியைக் கேட்டு வாங்கி
ஒன்பது மணி விவாதத்தின் முன்னால் பிடித்தாள்.
நாலு பேர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருக்க
நான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
எண்பத்தாறு.

இப்போது ரிமோட்டின் முதுகில் ஒரு பிளாஸ்திரி.
"பதினெட்டுக்கு மேல் வைக்கக் கூடாது."
பக்கத்தில் பொடியாய் ஒரு மண்டையோடு.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை,
எனக்கு இல்லாத அதே பல்.