இணைப்பெயர்

புல்லூத்துக்கு மேலே, நாகமலைச் சரிவில்
ஒரு கல்லைப் புரட்டி
அந்தச் சிலந்தியைப் பிடித்தது ஆவணியில்.
நான்காம் காலில் எத்தனை முள்,
எட்டுக் கண்ணும் எந்த வரிசை,
வயிற்றடியில் என்ன மடிப்பு,
இரண்டரை வருஷம் குனிந்து எண்ணியதில்
கழுத்து பிடித்துக்கொண்டது.
பிறகு மலையின் பெயருக்கு
ஒரு லத்தீன் வால் ஒட்டினேன்.

பெயர் நிற்க ஓர் உடல் வேண்டும்,
செத்த உடல்.
அவள் சாராயக் குப்பியில்.
மலையில் மிச்சமிருந்தவை
பெயர் வந்தது தெரியாமல்
ஈசல் தின்றன.

போன செவ்வாய் லண்டனிலிருந்து ஒரு படம்.
நூற்றுப் பதினெட்டு வருஷத்துக்கு முன்
அழகர்மலையில் எவரோ பிடித்த ஆண்,
ஒற்றை ஆண், ஒரு கால் இல்லை.
மதுரையை 'மதூரா' என்று
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.
முந்திய பெயர் செல்லும்.
தப்போடு செல்லும்.

இரண்டையும் ஒரே கல்லடியில்
ஜோடியாகப் பார்த்தவள் நான்தான்.
நானே எழுதினேன்:
அவளுக்கு இனி அவன் பெயர்.
நான் வைத்தது இணைப்பெயராய்
அடிக்குறிப்பில், சாய்வெழுத்தில்.

கல்யாணமான மறு மாதம்
மேலூர் இ-சேவை மையத்தில்
என் 'வீ' போய் 'த' வந்தபோது
கணினிப் பையன் கேட்டான்:
"பழச அழிச்சிரவாக்கா?"

குப்பிக்குள் புதுச் சீட்டை நுழைத்தேன்.
பழையதை எடுக்கக் கூடாது,
அது விதி.
அவள் காலை ஒட்டி மிதக்கிறது,
கண்டெடுத்தவர்: வீ. செங்கமலம்.
பென்சில் எழுத்து
சாராயத்தில் கரையாது.