ஏழாம் பக்கம்

கலெக்டர் ஆபீஸ் எதிரே
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
பட்டா, வில்லங்கம், விவாகரத்து மனு,
எதையும் படிக்காமல் நகலெடுப்பது
என் தொழில் தர்மம்.
ஆனால் மெஷின் சூடாகித் தாள் சிக்கினால்
உருவி, நீவி, வெளிச்சத்தில் பிடிக்கையில்
கண் என்ன செய்யும்?

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை
ஏழாம் பக்கம் சிக்கியது.
வடகரைக் கால்பந்துக் கழகம்,
கீழே இரண்டு கையெழுத்து,
நடுவில் ஒரு தொகை.
அதைக் கட்டும் எந்தக் கழகமும்
இவரை அழைத்துக்கொண்டு போகலாம்.

இங்கிலீஷில்தான் இருந்தது.
அந்த ‘இவரை’யில் இருக்கும் மரியாதை
நானாகச் சேர்த்தது.

பக்கத்து டீக்கடையில் அந்த வாரம் முழுக்க
ரிலீஸ் கிளாஸ்தான் பேச்சு.
‘அம்பது லட்சம். ஒரு பைசா குறையாது’
என்றார் சிக்கந்தர் பாய்,
அரையிறுதியில் டெல்வின் அடித்த கோலுக்குத்
துள்ளிக் குதித்துச் செருப்பைத் தொலைத்தவர்.
‘பதினெட்டு. கேரளாவுல இருந்து ஆள் வந்தாச்சு.’
இது மின்வாரியம் ஒச்சப்பன்.
எல்லாக் கழகத்திலும் அவருக்கு ஒரு மச்சான் உண்டு.
கோவர்த்தனன் மட்டும் வடையைப் பிட்டபடி
‘அம்புட்டு வச்சிருந்தா
ஏன்யா மறைக்கிறாங்க?’ என்றார்.

வாடிப்பட்டிச் சந்தையில்
துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.
விற்பவனுக்குத் தெரியும்.
வாங்குபவனுக்குத் தெரியும்.

பிறகு பேச்சு முதலாளிகள் மேல் தாவும்.
கம்பிக் கம்பெனி அண்ணன் தம்பி.
தபால்காரர்கள் சந்தா போட்டு நடத்திய கழகத்தைக்
கடனோடு வாங்கியவர்கள்,
மஞ்சள் சட்டையைச் சாம்பலாக்கி
முதுகெண்ணுக்கு மேலே முறுக்குக் கம்பி வரைந்தவர்கள்,
இருபது ரூபாய் டிக்கெட்டை எண்பதாக்கிவிட்டுக்
கழிப்பறைக்குக் கதவு வைக்க மறந்தவர்கள்.
‘ஆனா சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருதுல்ல?
தபால்காரங்க காலத்துல
ஜெயிச்சா பிரியாணி, தோத்தா பஸ் சார்ஜு.’
பாய் சொன்னதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.
எரிச்சலே அதில்தான்.

‘நாமளே காசு சேத்து அவனை வாங்கிப்புட்டா?’
‘வாங்கி? ஒங்க வீட்டு மாடியில கட்டிப்போடவா?’
சிரிப்பில் யாரோ கிளாஸைத் தட்டிவிட்டார்கள்.

நான் அந்த எண்ணைப்
புளியங்கொட்டை மாதிரி வாயில் ஒதுக்கியிருந்தேன்.
சொன்னால் வக்கீல் குமாஸ்தா
இனி அடுத்த கடைக்குப் போய்விடுவார்.
சொன்னால் பாய் அழுதுவிடுவார் என்பது
அதற்கு அடுத்த காரணம்தான்,
பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தான்,
கருமாத்தூர் டெல்வின்.
பத்தொன்பது கோல் அடித்த வலது காலில்
ஐஸ் கட்டிய துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.
நான்காக மடித்த தாளை நீட்டினான்.
‘ரெண்டு காப்பிக்கா.
அப்படியே இதுல என்ன போட்டிருக்குன்னு...’

‘நீதானேப்பா கையெழுத்துப் போட்டிருக்க?’

‘ஃபைனலுக்கு மொத நாள். போடச் சொன்னாங்க.’

படித்தேன்.
மூன்று லட்சத்து இருபதாயிரம்.
சொல்லும்போது வாய் உலர்ந்தது.

‘இது எனக்கு வர்ற காசாக்கா?’
‘இல்லப்பா. உனக்காகக் குடுக்குற காசு.’
‘எனக்காக’ என்று சொல்லிப் பார்த்தான்.
காலை மாற்றி நின்றான்.
‘கூடவா, கொறச்சலா?’

மெஷின் அணையும் முன்
ஒரு நீண்ட மூச்சு விடும். விட்டது.
ஷட்டருக்கு அடியில் நாலு ஜோடிக் கால்கள்,
அதில் பாயின் புதுச் செருப்பு.
‘அம்பதுக்குக் கீழ எவனாவது கேட்டான்னா
மூஞ்சியிலேயே துப்புவேன்.’

டெல்வின் நகலை மடிக்கவில்லை.
தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றான்.
நாலு ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.
விளக்கை அணைத்தேன்.
அவர்கள் போகட்டும் என்று
இருட்டுக்குள் இருவரும் நின்றிருந்தோம்.
அவர்கள் இன்னொரு டீ சொன்னார்கள்.