நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

பஹாமாஸ் தீவில் வளரும் பெண்ணொருத்தியின் கதை.
தேவகோட்டை நூலகத்தில்
எனக்கு முன் ஏழு முத்திரைகள்.

சங்குக்கறி வருமிடத்தில் ஒருவர்
உப்பு எவ்வளவென்று கேட்டிருக்கிறார்.
புயல் பிய்த்த கூரைக்கடியில்
வராத அப்பாவுக்கும் அவள் தட்டு வைக்கையில்
"வருவார்" என்றெழுதி,
தாள் மெலியும்வரை அழித்திருக்கிறார்கள்.
பினாங்குக்கு ஆள் போன வீடாயிருக்கும்.

பிறகு இந்தப் பக்கம்.
முதன்முறை தாயை எதிர்த்துப் பேசுகிறாள்.
"வாய் நீளம்" என்கிறது பென்சில்.
கீழே ஊதா மையில்:
"இருக்கட்டுமே."

அந்த 'ரு'வின் சுழி எனக்குத் தெரியும்.
'ஒரு லிட்டர்' என்று
பால் நோட்டில் தினமும் பார்ப்பது.

அடுக்களையில்
வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைக்கிறாள்,
காலையில் என்னை
வாயை மூடச் சொன்ன அதே அம்மா.

நாளை கடைசி நாள்.
இன்னொரு வாரம் கேட்க வேண்டும்.