ஒன்பது அடுக்கு

படிவத்தில் நான்கு கேள்விகள்.
பெயர். உயரம். எந்தக் கால் முன்னால்.
இந்த மூன்றையும் மையால் எழுதினேன்.
நான்காவது, எடை.
அதைப் பென்சிலால்:
அறுபத்தெட்டு.

பதினான்கு கிலோ பொய்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது
இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

பட்டறைச் சுவரில் அட்டவணை:
எழுபதுக்குள் ஏழு அடுக்கு.
மேலே போனால் ஒன்பது.

ஏழு மெல்லேடுகள்,
அப்பளம் போல் ஒடியக்கூடியவை,
ஒவ்வொன்றின் முதுகிலும் பசை தடவி
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுக்கவைத்து
பையில் போட்டுக் கட்டினோம்.
பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச
பை சுருங்கி, உள்ளே மரம் வளையக் கற்றது.
திங்கட்கிழமை பிரித்தோம். பலகை.
அதற்கு நான் வரைந்திருந்த வால்
ஜூனில் டர்பன் கரைக்குத் திரண்டு வரும்
மத்தியின் வால்.
மூன்று நாள் உப்புத்தாள் தேய்த்ததில்
என் கைரேகைகூட மழுங்கியிருக்கும்.

சாட்ஸ்வொர்த்தில் சமதரையைத் தேட வேண்டும்,
சரிவைத் தேட வேண்டாம்.
பள்ளி வாசலிலேயே ஒன்று தொடங்குகிறது.
ஏறி நின்றேன்.
இருபது அடி போகவில்லை,
நடுவயிறு குழிந்து தாரைத் தொட்டது.
தெரு நாய்கூட எழுந்து நின்று பார்க்கும் சத்தம்.

ப்ரேயன் ஏறினான்.
பேருந்து நிறுத்தம்வரை
தண்ணீரில் விட்ட இலை மாதிரி போனான்.

"பசை பழசு" என்றான் ஸாஹீர்.
"மரம் சரியில்லை, பைன்டவுன்காரன் ஏமாற்றிட்டான்"
என்றாள் ல்வான்ட்லே.
இரண்டு நாள் விசாரணை.
பலகையை இரண்டு மேசைக்கு நடுவே கிடத்தி
மணல் மூட்டையை எடைபோட்டு ஏற்றினார்கள்.
இருபது. நாற்பது. அறுபது.
சரியாக அறுபத்தெட்டு.
பலகை அலட்டிக்கொள்ளாமல் கிடந்தது.

மரம் நிரபராதி.

ல்வான்ட்லே மணலையே பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை.
அவள் ரம்பத்தில் யாருக்கோ வால் அறுத்துக்கொண்டிருந்தாள்.
அந்த இரைச்சலில் எதையும் சொல்லலாம்,
யாருக்கும் கேட்காது, அவளைத் தவிர.
காதருகே குனிந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து,
"என் எடை" என்று கத்தத் தொடங்கினேன்.

லோட்ஷெடிங்.

ரம்பம் நின்றது. விளக்கு நின்றது.
பக்கத்து வகுப்பின் மின்விசிறி நின்றது.
என் குரல் மட்டும் நிற்கவில்லை:
"எண்பத்திரண்டு!"

தகரக் கூரையில் ஒரு மைனா நடந்தது.
பத்தொன்பது பேர்.
சிரிப்பு வரும் என்று
தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்போ ரெண்டு அடுக்கு குறையுது"
என்றான் ஸாஹீர், ஏதோ உப்பு குறையுது என்பதுபோல.
"என் பசையைக் கலந்தாச்சு.
நாற்பது நிமிஷம்தான் தாங்கும்.
என் ஏடு இன்னும் அறுபடவே இல்ல.
உன்னோடதை ஒட்டு."

கைபேசி வெளிச்சத்தில் ஒன்பது ஏடுகளைத் தேடி எண்ணினோம்.
எண்ணியவளே நான்தான், இரண்டு முறை.
ஒட்டி முடித்தபோதுதான் ஞாபகம் வந்தது,
பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும்.

மர அச்சில் வைத்தோம். மேலே இன்னொரு அச்சு.
கிளாம்ப்களின் வாய் எட்டவில்லை.
ஒன்பது அடுக்கு திமிறியது.
ப்ரேயன் ஏறி நின்று குதித்துப் பார்த்தான்.
ஸாஹீர் அவன் தோளைப் பிடித்துத் தொங்கினான்.
மரம் மசியவில்லை.

ல்வான்ட்லே இப்போது என்னைப் பார்த்தாள்.
"நீ உட்காரேன்."

உட்கார்ந்தேன்.
பிழிபட்ட பசை ஓரமெங்கும்
வெள்ளை மணிகளாய் எட்டிப் பார்த்தது.
"அசையாதே, அசையாதே" என்று
ஆறு பேர் ஆறு பக்கம் கிளாம்ப் திருகினார்கள்.

மின்சாரம் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.
இறங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
யாரோ இருட்டில் ஒரு கால் பன்னிச் சவ் நீட்டினார்கள்.
அவரைக் கறி. இன்னும் சூடு.
ரொட்டியின் கடைசி ஓரம்வரை
அங்கேயே உட்கார்ந்து தின்றேன்.