பத்தடிக்குப் பன்னிரண்டு

தோகாவில் பதினோரு வருஷம்
நீச்சல்குளம் கழுவியவன் நான்.
தண்ணீரில் எது உயிரோடிருந்தாலும்
சம்பளத்தில் பிடித்தம்.
ஒரு தட்டான் செத்து மிதந்ததற்குக்கூட
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கூத்தாநல்லூர்க் கொல்லையில்
பத்தடிக்குப் பன்னிரண்டு
கயிறு பிடித்தபோது
ஜெய்புன் கேட்டாள்,
"இங்கேயுமா?"

பக்கிரிசாமி இடுப்பளவு வெட்டினார்.
கைப்பேசியில் படம் காட்டினேன்.
ஓரமெல்லாம் கூழாங்கல், நடுவே பாறை,
பாறைமேல் வழியும் தண்ணீர்.
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.
"இயற்கையா இருக்கணும்னீங்க.
இந்த மண்ணுல ஏதுங்க கல்லு?
அம்மி வேணும்னாலே
புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்துல்ல வரணும்."

கல்லுக்குக் கொடுத்த முன்பணம் போச்சு.

தார்ப்பாய் விரிக்கலாமா என்றதற்கும் அதே சிரிப்பு.
வெட்டிப்போட்ட களியையே நனைத்து
நாலு நாள் மிதித்தோம்,
குதிகால் புதையாத பதம் வரும்வரை.
கரையை நேராகச் சீவப் போனேன்.
மட்டப்பலகையைப் பிடுங்கிக்கொண்டார்.
"மாடு எறங்குன மாதிரி சரிவா விடுங்க."

சித்திரையில் மோட்டார் போட்டு நிரப்பினேன்.
காலையில் முழங்கால், மாலையில் கணுக்கால்,
மறுநாள் அடியில் ஒரு நண்டுவளை.
அடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று.
போன் செய்தால்
"ஆறு வரட்டும்" என்று வைத்துவிட்டார்.

ஆனிக் கடைசியில் வெண்ணாறு வந்தது.
எங்கள் தெருவுக்கு வாய்க்கால் கிடையாது,
அதன் மேல்தான் சிமெண்ட் ரோடு ஓடுகிறது.
ஆனாலும் பதினேழாம் நாள்
குழியின் அடி கறுத்தது.
பிறகு வேர்த்தது.
பிறகு, நான் அடைக்க மறந்த வளைகள் வழியே,
யாரும் எந்தக் குழாயும் திறக்காமல்
விரற்கடை விரற்கடையாக ஏறியது.
மோட்டாரைக் கழற்றி
எண்ணெய் போட்டு மூடிவைத்தேன்.

ஆடியில் தண்ணீர் பச்சையானது.
கை தானாகப் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடியது.
ஜெய்புன் எங்கோ ஒளித்திருந்தாள்,
இன்றுவரை சொல்லவில்லை.
அல்லிக்கிழங்கு மூன்று, ஓரத்துக்குக் கோரை,
அவ்வளவுதான் போட்டேன்.
இலை விரிய விரியப்
பச்சை தானே அடங்கியது.
இலை பாதிக் குளத்தை மூடினால் மட்டும்
கத்தரிக்கோலோடு இறங்குகிறேன்.

ஐப்பசியில் நகராட்சியிலிருந்து
அல்போன்ஸ் மேரி வந்தார்,
டார்ச்சும் வெள்ளைக் கரண்டியுமாக.
மூன்று இடத்தில் மொண்டு பார்த்தார்.
கொசுப்புழு இல்லை.
ஒன்று துள்ளிக் கரண்டியிலிருந்து கரைக்குப் போனது,
செவுளை ஊன்றி, ஊன்றி, மறுபடி தண்ணீருக்கு.
"பனையேறிக்கெண்டை. யாரு விட்டது?"
யாரும் விடவில்லை.
முந்தின இரவு மழையில்
சிமெண்ட் ரோட்டைத் தாண்டி வந்திருக்க வேண்டும்.
படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை.
'சுத்தம்' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.
அந்தச் சொல்லை வேறு ஊரில்
வேறு மாதிரி படித்திருந்தேன்.

இன்று காலை பழைய சூப்பர்வைசருக்குப்
படம் அனுப்பினேன்.
கலங்கல் தண்ணீர், சாய்ந்த கோரை,
கரண்ட் கம்பியில் மீன்கொத்தி.
உடனே கேட்டார்,
"எப்பக் கழுவுவே?"

எங்கிருந்தோ ஒரு வெங்காயத்தாமரை
நேற்று ஒன்று, இன்று நாலு.
பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்,
முழங்கை வரை சேறு.
பதில் அப்புறம் போடலாம்.