எட்டில் ஒன்று

புதன்கிழமை பெட்டி வந்தது.
பீடோங்கில் கிடைக்காது, பினாங்கிலிருந்து தருவித்தது என்று
மிஸ்டர் தியோ தானே தூக்கிவந்து
என் மேசைக்கடியில் வைத்தார்.
"எட்டு கோர், தவமலர். எட்டு.
எட்டு ஆள் எடுத்த மாதிரி."

மில் ஆபீசுக்கு ஆள் எடுத்து
ஆறு வருஷமாகிறது.

சம்பளக் கணக்கை ஓட்டினேன்.
பழைய பெட்டியில் நாற்பது நிமிஷம்.
இதில் முப்பத்தாறு.

திரையில் எட்டுக் கட்டங்களைத் திறந்து பார்த்தேன்.
ஒன்றில் பச்சை, விளிம்பு முட்டி நிற்கிறது.
மற்ற ஏழும்
விடுமுறை நாள் பள்ளிக் கேண்டீன்;
நாற்காலி கவிழ்த்துக் கிடக்கின்றன.

பழுதா என்றார் தியோ.
வாய் திறக்காமல் ஜன்னலைக் காட்டினேன்.

எட்டு லோரி.
எட்டு டிவிஷனிலும் ஒரே நேரத்தில் குலை வெட்டி
ஒரே நேரத்தில் ஏற்றி
ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன
ஒற்றை எடைமேடைக்கு முன்னால்.
கடைசி லோரிக்காரர்
ஸ்டியரிங்மேல் கால்போட்டுத் தூங்குகிறார்.
ஒன்பதாவது வாங்கினால்
வரிசைதான் நீளும்.

எப்போதோ எவரோ எழுதிய கணக்கு இது.
முதல் ஆளின் முன்பணம் கழிந்த பிறகுதான்
இரண்டாம் ஆளின் பெயரையே வாசிக்கும்.
வேகம் இல்லாமல் இல்லை;
பிரித்துக் கொடுக்க யாரும் சொல்லித் தரவில்லை.

வியாழன் இரவு நானே பிரித்தேன்.
டிவிஷனுக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு கோர்.
விசிறி சாமி வந்ததுபோல் ஆடியது.
எட்டுப் பச்சையும் கூரை தொட்டன.
ஆறே நிமிஷம்!
எழுந்துபோய் மைலோ கலக்கினேன்.

திரும்பி வந்தால்
மொத்தத்தில் முந்நூற்று நாற்பது வெள்ளி குறைகிறது.

தேடியதில் விடிந்தது.
முன்பணப் பேரேட்டில் ஆயிரத்து இருநூறு இருந்தபோது
மூன்றாம் டிவிஷன் பார்த்திருக்கிறது.
அதே கணம் ஏழாம் டிவிஷனும்.
அது முந்நூற்று நாற்பதைக் கூட்டி எழுதியது.
இது தான் பார்த்த பழைய தொகையோடு
இருநூறைக் கூட்டி, அதன்மேலேயே எழுதியது.
ஆயிரத்து நானூறு.
யாரும் திருடவில்லை.
இருவரும் பார்த்ததைத்தான் எழுதினார்கள்.

காணாமல் போனது சப்கோட்டாவின் கடன்.
விட்டால் அவனுக்கு லாபம்.
அரை நிமிஷம் விட்டுத்தான் பார்த்தேன்.

பிறகு ஒரு விதி வைத்தேன்:
பேரேட்டுக்குப் பேனா ஒன்றுதான்.
கையில் கிடைத்தவர் பார்த்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை
மற்றவர் காத்திருக்கட்டும்.
பதினொரு நிமிஷம் ஆகிறது இப்போது.
தியோவுக்கு முகம் வாடிவிட்டது.
நாற்பதை எட்டால் வகுத்து
ஐந்து என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

எல்லோரும் சொல்வார்கள்,
தவமலர் ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பாள் என்று.
பார்ப்பதில்லை.
ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு
இன்னொன்றை எடுக்கிறேன்.
மாமியாரின் டயாலிசிஸ் டோக்கன், கேஸ்காரனின் போன்,
ஓவர்டைம் தாள், மறுபடி டோக்கன்.
வைத்த இடம் நினைவிருக்கும்வரை கெட்டிக்காரி.
செவ்வாய்க்கிழமை மறந்துபோனேன்;
மகள் பள்ளி வாசலில் ஐந்தரைவரை
பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. அதுதான்.

வெள்ளி மாலை சப்கோட்டா வந்தான்.
சம்பளச் சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து
போன் உறையைக் கழற்றினான்.
உள்ளே மடித்த துண்டுத் தாள், அவன் எழுத்தில்:
முந்நூற்று நாற்பது.
இரண்டையும் ஒட்டிப் பார்த்து
"பெத்துல், காக்" என்றான்.

வெளியே எடைமேடை காலி.
தூங்கிய லோரிக்காரரை
யாரோ ஹார்ன் அடித்து எழுப்புகிறார்கள்.