நீல முள்

யும்சோ கீ இருமக் கூடாது.

கண்ணாடிக் குடுவைக்குள்
அம்மோனியா ஆவியில் பதினேழாம் எலி.
எலியின் இருமல் மிகச் சிறியது.
வயிற்றில் ஒரு வெட்டு, வாய் கொஞ்சம் திறக்கும்,
காய்ந்த பட்டாணி நகத்தில் உடைகிற சத்தம்.
ஆறு நிமிடத்தில் எத்தனை,
அதை எண்ணத்தான் அவளுக்குச் சம்பளம்.
அவளுக்கோ மூன்று நாளாய்த் தொண்டையில் கரகரப்பு.

பூ வந்தது சாக்கில்.
நம் சமையலறைக் கசகசாவுக்குத் தூரத்து உறவு,
தண்டெல்லாம் முள், பிரித்தவள் விரலில் ரத்தம்.
பல வருடம் இலையாகவே கிடந்து
ஒரே ஒரு கோடையில் பூத்து
அதோடு செத்துப்போகும் செடி.
இதழின் நீலம் முதல் கொதியிலேயே போய்விட்டது.
மிஞ்சியது
எல்லாக் கஷாயத்துக்கும் உள்ள அதே பழுப்பு.

போன வாரம் வலிச் சோதனை.
ஐம்பத்தைந்து டிகிரி தகட்டில் எலியை விட்டு
அது பாதத்தை நக்கும்வரை கடிகாரம் பார்த்தாள்.
உப்புநீர் குடித்தவை எட்டு நொடியில் நக்கின,
பூ குடித்தவை பதினான்கில்.
ஆறு நொடி.
பழைய ஏட்டில் 'எலும்பு நோவுக்கு' என்றிருக்கிறது,
யார் எலும்புக்கு என்றில்லை.

இன்னும் இரண்டு கிலோ வேண்டும் என்று
தூகர் ஜாப்பைக் கூப்பிட்டாள்.
காற்று பேசியது, பிறகு அவன்:
"இந்தச் சரிவு முடிந்தது.
அடுத்த சரிவில் ஆலங்கட்டி.
பறித்த இடத்தில் விதை ஏது அக்கா?"
முழங்கால் எப்படி என்று கேட்டாள்.
"ஏறும்போது பரவாயில்லை,
இறங்கும்போது உயிர் போகிறது."
இதையே குடிக்கலாமே?
சிரித்தான்.
"கடையில் வெள்ளை மாத்திரை இருக்கிறது,
நாலு யுவான், உடனே கேட்கும்.
நீங்கள் சோதித்து முடியுங்கள்,
பலித்தால் எனக்கும் சொல்லுங்கள்."

குடுவைக்குள் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
முகக்கவசத்துக்குள் அவள் பல்லைக் கடித்தாள்.
எச்சில் விழுங்கினாள்.
ஷினிங்கின் மார்ச் மாதத் தூசு முழுதும்
ஒரே இடத்தில் அரித்தது.
முகவையின் அடியில் பழுப்பாய்
ஒரு மடக்கு மிச்சமிருந்தது,
கை எட்டும் தூரம்.

இருமிவிட்டாள்.
எலி நிமிர்ந்து பார்த்தது.
அதுவும் இருமியதா,
இரண்டு சத்தமா ஒன்றா, தெரியவில்லை.

பதிவேட்டில் எழுதினாள்:
எலி 17, எண்ணிக்கை செல்லாது.
காரணம்: இருமல்.